பிடிச்சன், விட்டன்

எட்டை அழுத்திக்கொண்டிருக்கிறார் அன்னலட்சுமி. திரையில் வெள்ளை அம்பு மெல்ல மேலே ஏறுகிறது. கொஞ்சம் கூடிவிட்டது. இரண்டை அழுத்துகிறார், இறங்குகிறது. ஆறு, வலப்பக்கம். நாலு, இடப்பக்கம். ஒரு பெயரின் முதல் எழுத்தில் அம்பு போய் நிற்கும்வரை மூச்சை அடக்கிக்கொள்கிறார். பிறகு சைபரில் பெருவிரலை வைத்து, "பிடிச்சன்" என்கிறார். பக்கத்தில் ஆள் இருந்தாலும் சொல்வார், இல்லாவிட்டாலும் சொல்வார். அம்பை இழுக்க இழுக்கப் பெயர் கறுக்கிறது. வரி முடிந்ததும் புள்ளியை அழுத்துகிறார். "விட்டன்."

திருகோணமலை உட்துறைமுக வீதியில், கடலைப் பார்த்த ஒரு பழைய வீட்டின் முன்னறைதான் அவருடைய கந்தோர். யுத்தத்தால் யாழ்ப்பாணத்துக்குத் தரைப்பாதை மூடிக் கிடக்கிற இந்த வருஷங்களில், போக வேண்டியவர்கள் இங்கே வந்து கப்பலுக்குப் பெயர் கொடுக்கிறார்கள். ஒரு பட்டியலில் நூற்றிருபது பேர். பெயர், அடையாள அட்டை இலக்கம், போகிற ஊர். எல்லாம் ஆங்கில எழுத்தில். கப்பல் புறப்படுவதற்கு முதல் நாள் பகல் இரண்டு மணிக்குள் அது துறைமுக வாசலுக்குப் போய்ச் சேர வேண்டும். அதில் பெயர் இல்லாதவர் கரையில் நின்று கப்பலைப் பார்க்கலாம். அடுத்த கப்பல் எப்போது என்று கேட்டால், வாசலில் நிற்கிறவர்களும் கடலைத்தான் பார்ப்பார்கள். வீட்டின் பின்மண்டபத்தில் பாய் விரித்துக் காத்திருந்தவர்களில் நானும் ஒருவன். பதினாறு நாள். செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால் அன்னலட்சுமியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கம்பியூட்டர் யாரோ ஒரு தொண்டு நிறுவனம் பாவித்துவிட்டுக் கொடுத்தது. ஒரு நாள் ஜெனரேட்டர் தொடங்கிய வேகத்தில் பெட்டியின் பின்பக்கத்தில் மவுஸ் செருகும் துவாரம் எரிந்துபோயிற்று. அதற்குப் பிறகு ஜெனரேட்டரை ஒருவரும் தொடவில்லை. புது மவுஸ் வாங்கிச் செருகினார்கள். அம்பு அசையவில்லை. இன்னொன்று வாங்கினார்கள். அதற்கும் அசையவில்லை. பழுது பார்க்கிற ஜெமீல் வந்து, பெட்டியைக் கழற்றி மணந்து பார்த்துவிட்டு, "இது கொழும்புக்குத்தான் போகணும் அக்கா" என்றான். கொழும்புக்கு ஒரு கம்பியூட்டரைக் கொண்டுபோவதென்றால் ஒவ்வொரு சோதனைச் சாவடிக்கும் கடிதம் வேண்டும். போய்த் திரும்ப ஒரு மாதமாவது ஆகும். அந்த மாதம் கப்பல் வந்தால் பட்டியலை யார் அடிப்பது?

"அப்ப ஒண்டும் செய்யேலாதோ தம்பி?"

ஜெமீல் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தான். அதன் இடப்பக்கத்தில் இரண்டு விசைகளையும் வலப்பக்கத்தில் ஒன்றையும் சேர்த்து அழுத்தினான். பெட்டி கூவியது. வலப்பக்கத்து எண் விசைகளில் எட்டைத் தொட்டான். அம்பு நகர்ந்தது.

"நீ புதுசா உள்ளுக்கு என்ன பூட்டினனீ?"

"நான் ஒண்ணும் பூட்டல்ல. இது உள்ளுக்கே இருக்கிறதுதான்."

"உள்ளுக்கே இருந்ததெண்டா இவ்வளவு நாளும் ஏன் ஒருத்தரும் சொல்லேல்ல?"

ஜெமீல் கழற்றிய பெட்டியைத் திரும்பப் பூட்டத் தொடங்கினான். அன்னலட்சுமி இப்போதும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார், வேறு ஆட்களிடம்.

செத்த மவுஸ்களில் ஒன்றை அவர் எறியவில்லை. அதன் வாலைச் சுற்றிக் கட்டி, வந்து சேருகிற விண்ணப்பப் படிவங்களின் மேல் பாரத்துக்கு வைத்திருக்கிறார். கடற்காற்றுக்கு மட்டுமல்ல. திருகோணமலை வீதிகளில் திரிகிற மான்கள் எங்கள் பின்கதவுக்கும் வரும். வாழைப்பழத் தோல் கொடுத்தால் தின்னும். கொடுக்காவிட்டால் காகிதம் தின்னும். ஒருமுறை இரண்டு படிவங்களை ஒரு மான் முழுதாகத் தின்றுவிட்டது. அந்த இரண்டு பேரையும் கூப்பிட்டு, "திரும்ப எழுதித் தாங்கோ, மான் திண்டிட்டுது" என்று அன்னலட்சுமி சொன்னபோது அவர்கள் நம்பவில்லை. இடத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார் என்று ஒருவர் மேலிடத்துக்குக் கடிதமே எழுதினார்.

அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். சாம்பல்தீவிலிருந்து பஸ்ஸில் வருகிறார். வழியில் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, நடந்து, திரும்ப ஏறி வர வேண்டும். அட்டை கைப்பையில் இருப்பதில்லை, கையிலேயே இருக்கும். கந்தோருக்குள் வந்து கதிரையில் இருந்த பிறகுதான் அதைக் கையிலிருந்து வைப்பார். சில நாள் அதையும் மறந்து, அட்டையைப் பிடித்த கையாலேயே தட்டத் தொடங்குவார்.

இதற்கு முன்பு பன்னிரண்டு வருஷம் தோப்பூர்ப் பக்கத்தில் ஒரு நெல் களஞ்சியத்தில் வேலை. மூட்டைகளின் எடையைக் கூட்டல் மெஷினில் போடுவது. பத்து விசைகள். கண் சிட்டையில் இருக்கும், வலது கை தன்பாட்டில் ஓடும். "நான் வாசிக்கிறதில்ல. விரல்தான் வாசிக்கும்" என்பார். கம்பியூட்டரின் வலப்பக்கத்து எண் விசைகளும் அதே ஒழுங்கில் இருந்ததால், அடையாள அட்டை இலக்கங்களை அவர் கை வந்த முதல் நாளே அடையாளம் கண்டுகொண்டது.

அந்த விசைகள்தான் இப்போது எண் போடாமல் அம்பை ஓட்டுகின்றன. எண் வேண்டுமென்றால் எழுத்துகளுக்கு மேலே உள்ள வரிசைக்குப் போக வேண்டும். மூளைக்கு இது ஒரே நாளில் விளங்கிவிட்டது. கைக்கு விளங்கவில்லை. முதல் வாரம் அவர் படிவத்தைப் பார்த்தபடி ஒன்பது எண்களையும் பழைய இடத்தில் கடகடவென்று அடித்துவிட்டு, நிமிர்ந்து பார்ப்பார். திரையில் ஓர் எண்ணும் இருக்காது. அம்பு எங்கோ ஒரு மூலையில் நிற்கும். அவர் கேட்காத ஏதோ ஒரு சதுரம் திரையில் திறந்திருக்கும். ஜெமீலுக்கு ஆள் அனுப்பினார்.

"என்ர கை பிழை விடாது. நீதான் இதுக்கு என்னமோ செய்துபோட்டாய்."

அவன் அவருடைய கையைக் கவனித்துவிட்டுச் சிரித்தான். "நீங்க நம்பர் அடிக்கல்ல அக்கா. மவுஸ் ஓட்டியிருக்கீங்க. அஞ்சு வாற இடமெல்லாம் கிளிக் பண்ணியிருக்கீங்க."

"நான் ஒண்டையும் கிளிக் பண்ணேல்ல. நான் ஒரு மனுசன்ர ஐ.சி. நம்பரை அடிச்சனான்."

"அதுதான் அக்கா."

"என்ன அதுதான்?"

உண்மையில் அம்பு இல்லாமலே, வேறு விசைகளால், எல்லா வேலையும் செய்யலாம் என்று ஜெமீல் பிறகு ஒரு நாள் சொன்னான். அன்னலட்சுமி காதைப் பொத்திக்கொண்டார். "ஒண்டைப் பழக்கிப்போட்டு இப்ப வேறயோ? போ தம்பி." அவன் சொன்னவற்றை அவர் மருந்துப் பிளாஸ்டரில் எழுதி விசைகளில் ஒட்டியிருக்கிறார். சைபரில் "பிடி". புள்ளியில் "விடு". ஐந்தில் "தட்டு". மூன்றையும் வாய்விட்டுச் சொன்னால்தான் கைக்கு எட்டும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. சொல்லாமல் செய்தால் செய்தேனா இல்லையா என்று பிறகு சந்தேகம் வருமாம்.

சந்தேகம் கந்தோருக்கு வெளியிலும் அவரைவிட்டுப் போவதில்லை. கடையில் முதலாளி கல்குலேட்டரில் எட்டை அழுத்தும்போது அன்னலட்சுமியின் கண் மேலே போகிறது. நான் பார்த்திருக்கிறேன். "தம்பி, இந்தக் கையை வச்சுக்கொண்டு நான் என்ன செய்யிறது? எது எண், எது வழி எண்டு அதுக்குத் தெரியேல்ல" என்று ஒரு நாள் தன் வலது கையை மேசையில் வைத்துவிட்டு, அது இன்னொருவருடைய பொருள் என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். அடையாள அட்டையின் கடைசி மூன்று எண்களைச் சொல்வார். களஞ்சியத்தில் மூட்டைகளை அப்படித்தான் கூப்பிட்டார்களாம். "எண்ணூற்றிப் பதினேழு, உள்ளுக்கு வாங்கோ." "இருநூற்றி ஒம்பது ஐயா, கையெழுத்து வைக்கேல்ல." பட்டியலில் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பதால் இது வசதி என்பார். முதலில் மண்டபத்தில் எல்லோருக்கும் கோபம் வந்தது. பிறகு பழகிவிட்டது. பிறகு நாங்களே அப்படிக் கூப்பிடத் தொடங்கினோம். நான் முன்னூற்றி ஐம்பத்தொன்று. எனக்குப் பக்கத்துப் பாய்க்காரர் இருநூற்றி ஒன்பது. அவரோடு ஒரே வாளியில் குளித்தேன், ஒரே பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டேன். அவருடைய பெயரைக் கேட்க வேண்டுமென்று தோன்றவில்லை.

அறுநூற்றி நாலு ஒரு வயதான அம்மா. கறுப்புத் துணிப்பை ஒன்றை எப்போதும் மடியில் வைத்திருப்பார். தமக்கையின் சாவுக்கு வந்தவர், திரும்பிப் போக வழியில்லாமல் நான் வருவதற்கு முன்பிருந்தே, இருபத்து மூன்று நாளாக, மண்டபத்தில் கிடந்தார். ஊரில் புருஷன் பாரிசவாதத்தில் படுக்கையில். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கிழமைக்கு, ஏழு நாளைக்கு மட்டும், பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்களாம். "ஒரு கிழமை எண்டுதானே சொன்னவை" என்று அந்த அம்மா அடிக்கடி யாரிடமென்றில்லாமல் சொல்வார். படிவத்தைப் பிந்திக் கொடுத்ததால் அவருடைய பெயர் பட்டியலில் இல்லை. பட்டியலுக்குக் கீழே, ஒரு வெற்று வரி விட்டு, காத்திருப்போர் என்று போட்ட இடத்தில் முதலாவதாக இருந்தது. இரண்டாவது தங்கரத்தினம் என்ற மனிதர். அவர் பெயர் மட்டும் எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டார். "எனக்கு அம்மா அப்பா வச்ச பேர் இருக்கு" என்பார். அந்தப் பேரை வைத்த அவருடைய அம்மா போன மாதம் யாழ்ப்பாணத்தில் செத்துப்போனார். வெள்ளிக்கிழமை முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக் கிரியை.

கப்பல் புதன்கிழமை என்று அறிவித்தார்கள். செவ்வாய் காலையில் பட்டியலிலிருந்த ஒருவர் வந்து தான் போகவில்லையென்று சொன்னார். அன்னலட்சுமி அவரை அழித்தார். ஓர் இடம் வந்தது. பகல் பன்னிரண்டரைக்கு அறுநூற்றி நாலைக் கீழேயிருந்து மேலே கொண்டுபோகும் வேலையைத் தொடங்கினார். படிவங்கள் எல்லாம் அனுமதிக்காகக் காலையிலேயே துறைமுக வாசலுக்குப் போய்விட்டிருந்தன. மேசையில் மவுஸ் வெறுமனே கிடந்தது.

அந்த அம்மா கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார். வாசிக்கத் தெரியாது. அம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிடிச்சன்" என்றார் அன்னலட்சுமி.

வரி கறுத்தது.

"பிள்ளை, அது என்ர பேரோ? ஏன் கறுக்குது?"

"உங்கடதான் அம்மா."

"எங்க கொண்டுபோறாய்?"

அன்னலட்சுமி திரும்பிப் பார்த்தார். விரல் எட்டில் இருந்தது. "மேல கொண்டுபோறன். உங்களுக்கு இடம் வந்திட்டுது. நாளைக்குக் கப்பல்."

அந்த அம்மாவுக்கு உடனே விளங்கவில்லை. "எந்தக் கப்பல்?" என்று கேட்டார். பிறகு அன்னலட்சுமியின் தலையில் இரண்டு கையையும் வைத்தார். வைத்தபடியே நின்றார். பிறகு "இப்ப வாறன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். அன்னலட்சுமி அவர் படலையைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். விரல் எட்டிலேயே இருந்தது.

திரும்பியதும், கண்ணைத் துடைத்துக்கொண்டே புள்ளியை அழுத்தினார். "விட்டன்." வெட்டுகிற விசைகளை அழுத்தினார். உடனே சேமிக்கிற விசைகளை அழுத்தினார். எதைச் செய்தாலும் அடுத்த நொடியில் சேமிப்பது அவர் வழக்கம். இந்த ஊரில் மின்சாரம் சொல்லிவிட்டுப் போவதில்லை.

அன்றைக்கும் சொல்லவில்லை. விசிறி நின்றது. திரை ஒரு புள்ளியாகி அணைந்தது.

ஒன்றேகாலுக்குக் கரண்ட் வந்தது. பெட்டியைத் தொடங்கிப் பட்டியலைத் திறந்தவர் எண்ணினார். இரண்டாம் தடவை எண்ணினார். மூன்றாம் தடவை என்னை எண்ணச் சொன்னார். நூற்றிப் பத்து. கடைசி ஒன்பது பேர் இல்லை. வெற்று வரி இல்லை. காத்திருப்போர் என்ற தலைப்பும் இல்லை; அதன் கீழிருந்த தங்கரத்தினத்தின் பெயர் மட்டும் தனியே நின்றது. எட்டில் விரலிருந்த அவ்வளவு நேரமும் அம்பு மேலே ஏறியிருக்கிறது. பிடித்த பிடி விடாமல் ஏறியிருக்கிறது. கறுப்பும் கூடவே ஏறியிருக்கிறது. வெட்டியது ஒரு பெயரை அல்ல, பத்தை. வெட்டியதை மேலே ஒட்டுவதற்கு முன் கரண்ட் போயிற்று. வெட்டியது மட்டும் பத்திரமாகச் சேமிக்கப்பட்டிருந்தது.

"நான் சேவ் பண்ணினனான்" என்றார் அன்னலட்சுமி. "சேவ் பண்ணினா எப்பிடிப் போகும்?"

அவர் மண்டபத்துக்கு வந்து நின்ற விதத்தில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "எண்ணூற்றிப் பதினேழு. இருநூற்றி ஒம்பது. முன்னூற்றி அம்பத்தொண்டு." ஒவ்வொரு எண்ணுக்கும் ஓர் ஆள் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தார். நானும் போனேன். ஒன்பது பேர். அவர் மேல் வரிசை எண்களை ஒவ்வொன்றாகத் தேடி அடித்தார். ஒன்றரை தாண்டியது.

"அறுநூற்றி நாலு."

யாரும் வரவில்லை.

"அறுநூற்றி நாலு அம்மா எங்க?"

"தந்தி அடிக்கப் போறன் எண்டு சொன்னவ" என்றார் ஒருவர். "இல்ல, பத்திரகாளி கோயிலுக்குத் தேங்காய் உடைக்க" என்றார் இன்னொருவர். இரண்டும் வேறு வேறு திசை.

"சரி. அவவின்ர பேரைச் சொல்லுங்கோ."

சிலர் அந்த அம்மாவின் பாயைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பேர் தெரியாதோ? இருபத்து மூண்டு நாள் ஒண்டாய்க் கிடந்தனீங்கள்?"

"கறுப்புப் பை அம்மா" என்று ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள். இருநூற்றி ஒன்பது என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "நீங்கள்தானே அக்கா அடிச்சனீங்கள், உங்களுக்குத் தெரியாதோ?" என்று யாரோ கேட்டார்.

அன்னலட்சுமி கதிரையில் வந்து இருந்தார். வலது கையைப் பலகையிலிருந்து எடுத்து வெறும் மேசையில் வைத்து, விரல்களை அசைத்தார். களஞ்சியத்துக் கூட்டல் மெஷினைத் தட்டுவதுபோல. இரண்டு மூன்று எண் ஓடியது, நின்றது. திரும்பத் தொடங்கினார். நின்றது. "முந்தியெண்டா கை சொல்லியிருக்கும்" என்றார். "இப்ப மேல அடிக்கிறதால கைக்கு ஒண்டும் தெரியேல்ல."

துறைமுக வாசலுக்குப் பட்டியலைக் கொண்டுபோகிற செல்லத்தம்பி சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். "அக்கா, இன்னும் இருவது நிமிசம். அதுக்குப் பிறகு வாங்கமாட்டினம்."

தங்கரத்தினம் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். "ஒரு இடம் கிடக்கு. அவ இல்ல. அடுத்தது நான். என்ர பேர் அதில அப்பிடியே கிடக்கு, அழியக்கூட இல்ல."

"அந்த இடம் வெறுமையா இல்ல ஐயா. ஆள் இருக்கு. பேர்தான் இல்ல."

"பேர் இல்லாத ஆளை அவங்கள் கப்பலில ஏத்துவாங்களோ?"

"ஏத்தமாட்டாங்கள்."

"அப்ப வெறும் வரியை அனுப்பப்போறியளோ?"

"தெரியேல்ல."

"எனக்கு வெள்ளிக்கிழமை அம்மான்ர அந்தியேட்டி. நான்தான் மூத்தவன். உங்களுக்கு விளங்குதோ?"

"விளங்குது ஐயா. அந்தப் பிள்ளைக்கு இடம் வந்திட்டுது எண்டு நான்தான் சொன்னனான்." அறுபது வயது அம்மாவைப் பிள்ளை என்று சொன்னதை அவர் கவனிக்கவில்லை. "சொன்னபடியால்தானே போனவ. சொல்லாம இருந்திருந்தா இஞ்சதான் நிண்டிருப்பா."

தங்கரத்தினம் மேசையை விட்டு விலகினார். "இதென்ன கந்தோர்" என்றார். குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கோபத்தில் போகிறார் என்று நினைத்தேன். படலைக்கு வெளியே நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு தபால் கந்தோர்ப் பக்கமாக, சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கிட்டத்தட்ட ஓடினார்.

அன்னலட்சுமி நூற்றிருபதாவது வரியில் ஆறு, சைபர், நாலு, அதற்குப் பிறகு எல்லா அட்டை இலக்கங்களின் முடிவிலும் வருகிற V என்று மட்டும் அடித்தார். அம்பை அந்த வரிக்குக் கொண்டுவந்தார். "பிடிச்சன்" என்றார். மூன்று எண்ணும் ஓர் எழுத்தும் கறுத்தன. அப்படியே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்ன செய்ய நினைத்தார் என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. செல்லத்தம்பி சைக்கிள் மணியை ஒரு தரம் அடித்தார். பிறகு இன்னொரு தரம்.

இரண்டுக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது அந்த அம்மா வந்தார். கோயில் பக்கத்திலிருந்து. நெற்றி நிறையத் திருநீறு, கையில் உடைத்த தேங்காய்ப் பாதி. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தியதால் படலையிலேயே நின்றுவிட்டார்.

"அம்மா, ஓடி வாங்கோ. உங்கட பேர் என்ன?"

அவர் எங்களைச் சுற்றிப் பார்த்தார். ஏதோ பிழை நடந்துவிட்டது என்று மட்டும் விளங்கியிருக்க வேண்டும்.

"அறுநூற்றி நாலு" என்றார்.

"அது தெரியும் அம்மா. பேர். பேரைச் சொல்லுங்கோ."

"பேரோ?" தேங்காயை மற்றக் கைக்கு மாற்றினார். "கனகம்மா. வேற என்ன பேர்?"

அடையாள அட்டையை வாங்கி அன்னலட்சுமி அடித்தார். அச்சு இயந்திரம் இழுத்து இழுத்து நாலு பக்கத்தையும் தள்ளியது. செல்லத்தம்பி மை காயாத தாள்களைச் சேர்ட்டுக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினார். அவர் வளைவில் திரும்பியபோது இரண்டுக்கு ஒரு நிமிடம். வளைவுக்கு அந்தப் பக்கம்தான் துறைமுக வாசல்.

இரண்டு பத்துக்குத் தங்கரத்தினம் வந்தார். சேர்ட் முதுகோடு ஒட்டியிருந்தது. வாசற்படியில் நின்று, மூச்சு வாங்கியபடி, "தந்திக் கந்தோர் முழுக்கப் பார்த்திட்டன். அங்க இல்ல" என்றார். அதற்குப் பிறகுதான் மர வாங்கில் உட்கார்ந்திருந்த கனகம்மாவைக் கண்டார். கனகம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. தேங்காயில் ஒரு துண்டை உடைத்து அவரிடம் நீட்டினார். தங்கரத்தினம் அதை வாங்கினார். வாயில் போடவில்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அன்னலட்சுமி அடுத்த கப்பலுக்குப் புதிய பக்கம் ஒன்றைத் திறந்தார். விசைகளைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்து, ஒவ்வோர் எழுத்தாக, தங்கரத்தினம் என்று முதல் வரியில் அடித்தார். எழுந்து, பாரமான திரையை இரண்டு கையாலும் பிடித்து, அவர் நிற்கிற பக்கமாகத் திருப்பி வைத்தார். பிறகு, எதையும் பிடித்திருக்கவில்லை என்று தெரிந்தும், புள்ளியை அழுத்தினார். திரையை எட்டிப் பார்த்தார். இன்னொரு தடவை அழுத்தினார்.